பிரித்தானிய மருத்துவ பீடங்களுக்கு இரண்டாம் தடவை விண்ணப்பிப்பது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நான்கு மருத்துவ பீடங்களும் கைவிரித்த பிறகு, போன வருடத்து விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வசனம் வசனமாகத் திருத்தத் தொடங்கினேன். இரண்டு கிழமை அப்படியே போயிற்று. பிறகுதான் தெரிந்தது, அந்த வசனங்களை அநேகமாக யாருமே வாசித்திருக்க மாட்டார்கள் என்று. அதற்கு முன்னாலேயே யூகேட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சையின் புள்ளி என்னை வெளியே தள்ளிவிட்டது.

அடுத்த வருடம் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு உவர்மலை, உப்புவெளி, கிண்ணியாப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் பலர் தங்கள் பத்திரங்களோடு வந்திருக்கிறார்கள். எல்லோரும் ஏறக்குறைய நான் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறார்கள். உயர்தர உயிரியல் பிரிவில் பெறுபேறு கையில் உள்ளவர்கள், பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொதுத் தளமான யூகாஸ் வழியாக ஒரு தடவை விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். படிகளின் ஒழுங்கை மாற்றாதீர்கள். முன்படி முடியாமல் பின்படிக்குப் போனால் காசும் வீண், ஒரு வருடமும் வீண்.

1. எந்த வாசலில் விழுந்தீர்கள்?

யூகாஸ் பக்கத்தில் 'தெரிவாகவில்லை' என்று மட்டும்தான் காட்டும். காரணம் சொல்லாது. ஆனால் ஒரு விண்ணப்பம் நான்கு வாசல்களைத் தாண்ட வேண்டும்: தகைமை, யூகேட் புள்ளி, நேர்முகம், இடம் கிடைத்த பின் வரும் நிபந்தனைகள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தகைமையில் விழுந்தவர் யூகேட் வகுப்புக்குக் காசு கட்டிப் பிரயோசனமில்லை. நேர்முகத்தில் விழுந்தவர் பீடங்களை மாற்றியும் பிரயோசனமில்லை.

ஒவ்வொரு பீடத்தின் அனுமதிப் பிரிவுக்கும் தனித்தனியே மின்னஞ்சல் போடுங்கள். "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால், "போட்டி கடுமையாக இருந்தது" என்ற அச்சுப் பதில்தான் வரும். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: என் உயர்தரப் பெறுபேறு உங்கள் குறைந்தபட்சத் தகைமைக்குப் போதுமாக இருந்ததா? இந்த வருடம் நேர்முகத்துக்கு அழைக்கப்பட்ட வெளிநாட்டு விண்ணப்பதாரிகளின் மிகக் குறைந்த யூகேட் புள்ளி எது? 'வெளிநாட்டு' என்ற சொல்லை விடாதீர்கள். பல பீடங்களில் உள்நாட்டாருக்கு ஒரு வெட்டுப்புள்ளி, நமக்கு வேறு வெட்டுப்புள்ளி.

நேர்முகம் வரை போயிருந்தால், உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் குறிப்புகளைத் தரும்படி பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். கட்டணம் இல்லை. சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். நேர்முகத்தின் எந்தக் கட்டத்தில் (அங்கே 'நிலையம்' என்பார்கள்) எத்தனை புள்ளி விழுந்தது என்று பார்க்கக் கிடைத்தால், அதைவிட நல்ல ரியூசன் இல்லை.

2. போக வேண்டுமா என்பதைக் காசு கட்டுமுன் முடிவெடுங்கள்

இது கசப்பான பகுதி. ஆனாலும் வீட்டாரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

பெறுபேறு முதலில். பிரித்தானிய மருத்துவ பீடங்கள் பொதுவாக மூன்று ஏ அளவிலோ அதற்கு மேலோ கேட்கின்றன. இரசாயனவியல் பெரும்பாலான இடங்களில் கட்டாயம். உங்களிடம் இருப்பது சி-யும் எஸ்-ஸும் என்றால் இந்த வழி உங்களுக்கில்லை. மூன்றாம் தடவை விண்ணப்பித்தாலும் அது மாறாது. சில பீடங்கள் இலங்கை உயர்தரத்தை நேரடியாக ஏற்பதில்லை, லண்டன் உயர்தரம் கேட்கும். இன்னும் சில, மீண்டும் எழுதிப் பெற்ற பெறுபேற்றை ஏற்பதில்லை. இரண்டாம் தடவை எழுதி ஏ எடுத்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது காசு. வெளிநாட்டு மாணவருக்கு வருடக் கட்டணம் 40,000 பவுணைத் தாண்டுவது அங்கே சாதாரணம். படிப்பு 5 வருடம், சில இடங்களில் 6. சாப்பாடு, வாடகை சேர்க்காமலே 200,000 பவுண். அங்கத்தைய அரசாங்க மாணவர் கடன் நமக்குக் கிடையாது. மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். "போய்ச் சேர்ந்தால் உழைத்துக் கட்டலாம்" என்று சொல்லும் மாமா கட்டாயம் ஒருவர் இருப்பார். மருத்துவம் படித்துக்கொண்டு அந்தக் கணக்கு சரிவராது.

மூன்றாவது, திரும்பி வருவது. ஊருக்கு வந்து வைத்தியராக வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். அதற்கு உங்கள் பல்கலைக்கழகம் சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும், உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் குறைந்தபட்சத்தைத் தொட வேண்டும், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். இந்த விவரத்தை ஏஜென்டிடம் கேட்காதீர்கள், சபையிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

3. பெயரை ஒன்றாக்குங்கள்

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். பிறப்புச் சான்றிதழ் தமிழில். அதை மொழிபெயர்த்தவர் ஒரு எழுத்துக்கூட்டல் போட்டிருப்பார், பள்ளிக்கூடம் வேறொன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று. '-தரன்' என்று முடியும் பெயர் ஒன்றில் 'டி'-யோடும் இன்னொன்றில் 'டி.எச்'-சோடும் நிற்கும். அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக மட்டும், ஓரிடத்தில் முழுதாக.

கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதையே யூகாஸ், யூகேட், ஆங்கிலப் பரீட்சையான ஐயெல்ட்ஸ் மூன்றிலும் போடுங்கள். பரீட்சை மண்டப வாசலில் கடவுச்சீட்டையும் பதிவையும் ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். உயர்தரச் சான்றிதழில் எழுத்து வேறுபட்டால் இப்போதே ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். செப்டம்பரில் சட்டத்தரணியைத் தேடி ஓட வேண்டி வராது.

உயர்தரப் பெறுபேற்றின் ஆங்கிலப் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையத்திலேயே கேட்கலாம். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் மொழிபெயர்க்க வேண்டும். வெளிநாட்டமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் உடனே கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள். அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது.

4. நாட்காட்டியைப் பின்னிருந்து எழுதுங்கள்

மருத்துவத்துக்கான யூகாஸ் கடைசித் திகதி ஒக்டோபர் 15, பிரித்தானிய நேரம் மாலை 6 மணி. அப்போது அங்கே கோடைகால நேரம் நடப்பதால் நமக்கு அது இரவு 10.30. மற்றப் பாடங்களுக்கு ஜனவரி என்று கேள்விப்பட்டு அந்தத் திகதியை நம்பிக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

அங்கிருந்து பின்னால் வாருங்கள். செப்டம்பர் முடிவுக்குள் ஆசிரியரின் பரிந்துரை ஏறியிருக்க வேண்டும். யூகேட் பரீட்சை ஜூலை முதல் செப்டம்பர் கடைசி வரை நடக்கும். நீங்கள் ஓகஸ்ட் முதற்பாதியில் எழுதி முடித்துவிடுங்கள். புள்ளி தெரிந்த பிறகுதான் பீடங்களைத் தெரிவு செய்ய வேண்டும், அதற்கு அவகாசம் தேவை. ஐயெல்ட்ஸ் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். போன தடவை எழுதியது படிப்பு தொடங்கும் நேரத்தில் காலாவதியாகுமா என்று இப்போதே விரல்விட்டுப் பாருங்கள். மருத்துவத்துக்கு 7 அல்லது 7.5 கேட்பார்கள். மொத்தப் புள்ளி மட்டுமில்லாமல் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எல்லை வைக்கும் பீடங்களும் உண்டு.

5. யூகேட்: நேரம் இங்கேதான் போக வேண்டும்

போன வருடத்துப் புள்ளி இந்த வருடத்துக்குச் செல்லாது. ஒரு வருடத்துக்கு ஒரு தடவைதான் எழுதலாம். பீ-மேட் என்ற இன்னொரு நுழைவுப் பரீட்சை 2023-ஓடு நின்றுவிட்டதால் முன்பு அதைக் கேட்ட பீடங்கள் பலவும் இப்போது யூகேட்டுக்கு வந்துவிட்டன.

பழைய புத்தகத்தை அண்ணாவிடம் இரவல் வாங்கிப் படிப்பவர்கள் கவனியுங்கள். 2025-இல் பரீட்சை மாறிவிட்டது. உருவங்களைப் பார்த்து ஒழுங்கு கண்டுபிடிக்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மொழித்திறன் 22 நிமிடத்தில் 44 கேள்வி, தீர்மானமெடுத்தல் 37 நிமிடத்தில் 35, எண்திறன் 26 நிமிடத்தில் 36. இந்த மூன்றுக்கும் சேர்த்து மொத்தப் புள்ளி 2700. அப்புறம் சூழ்நிலைத் தீர்ப்பு, 26 நிமிடத்தில் 69 கேள்வி. அதற்குப் புள்ளி இல்லை, 1 முதல் 4 வரை தரம். பழைய 3600 கணக்கில் உள்ள வெட்டுப்புள்ளியை இப்போதைய புள்ளியோடு ஒப்பிட்டுப் பயந்தவர்களையும் கண்டிருக்கிறேன், சந்தோசப்பட்டவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டும் பிழை.

தமிழ் மொழிமூலம் படித்தவருக்கு மொழித்திறன்தான் மலை. ஒரு கேள்விக்கு அரை நிமிடம். பந்தி முழுவதையும் வாசித்து, மனதுக்குள் தமிழாக்கி, பிறகு விடை தேடினால் பாதியில் நேரம் முடிந்துவிடும். முதலில் கேள்வியைப் பாருங்கள். அதிலுள்ள ஒரு பெயரையோ ஆண்டையோ பந்தியில் தேடி, அந்த வரியையும் அடுத்த வரியையும் மட்டும் வாசியுங்கள். இதற்குக் கண்தான் பழக வேண்டும், சொல்வளம் இரண்டாம் பட்சம். மற்றப் பகுதிகளைத் தொடுவதற்கு ஒரு மாதம் முன்னரே தினமும் அரை மணித்தியாலம் ஆங்கிலக் கட்டுரை வாசிக்கத் தொடங்குங்கள்.

எண்திறனில் கணிதம் சின்னதுதான், நம் பிள்ளைகளுக்கு அது பயமில்லை. தடக்குவது திரையில் வரும் கல்குலேட்டரில். சுட்டியால் ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினால் நேரம் பறந்துவிடும். விசைப்பலகையின் எண்பகுதியில் பழகுங்கள். மடிக்கணினியில் அந்தப் பகுதி இல்லையென்றால் தனியாக ஒன்று வாங்கிப் பொருத்துங்கள்.

சூழ்நிலைத் தீர்ப்பில் நாம் விழுவதற்குக் காரணம் வேறு. மூத்த வைத்தியர் பிழையாக ஒன்றைச் செய்கிறார், நீங்கள் மாணவர், என்ன செய்வீர்கள்? நம் வளர்ப்பு "பேசாமல் இரு, பெரியவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லும். அங்கே அந்த விடைக்குப் புள்ளி இல்லை. நோயாளிக்கு ஆபத்து என்றால் மரியாதையாக, ஆனால் உடனே, சொல்ல வேண்டும். இன்னொன்று, நோயாளியின் நோயை முதலில் மகனிடமோ கணவனிடமோ சொல்வது நமக்குப் பழக்கம். அங்கே நோயாளியின் சம்மதம் இல்லாமல் வீட்டாருக்கும் சொல்லக்கூடாது. பிரித்தானிய ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் வைத்தியர்களுக்கு வகுத்த நெறிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அவற்றை இரண்டு தடவை வாசித்தால் இந்தப் பகுதி பாதி முடிந்தது. நேர்முகத்துக்கும் அதுவே அத்திவாரம்.

பிழையான விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். பயிற்சிக்கு யூகேட் தளத்திலுள்ள இலவச மாதிரிப் பரீட்சைகளைக் கடைசி மூன்று கிழமைக்கு ஒதுக்கி வையுங்கள், உண்மையான திரைக்கு மிகக் கிட்ட இருப்பவை அவைதான்.

பரீட்சை நிலையம் கொழும்பில். இரவு பஸ்ஸில் ஏறி, விடியப்புறம் புறக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போவது நம்மூர் வழக்கம். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். இரண்டு மணித்தியாலம் அரை நிமிடத்துக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டிய பரீட்சை அது, நித்திரையில்லாத தலை அதற்கு உதவாது. முதல் நாளே போய் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள்.

6. புள்ளி வந்த பிறகே பீடங்களைத் தெரிவு செய்யுங்கள்

யூகாஸில் ஐந்து தெரிவு உண்டு, அதில் மருத்துவத்துக்கு நான்குதான். ஐந்தாவதை உயிர்மருத்துவ விஞ்ஞானம் போன்ற ஒன்றுக்குக் கொடுக்கலாம், வெறுமையாகவும் விடலாம். ஒக்ஸ்போர்ட்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே வருடத்தில் விண்ணப்பிக்க முடியாது.

பெரும்பாலானோர் செய்யும் பிழை, ஜூனிலேயே நான்கு பெயரைத் தீர்மானித்துவிட்டுப் பிறகு புள்ளி வந்தாலும் மாற்ற மனமில்லாமல் இருப்பது. அண்ணா இருக்கும் நகரம், பெயர் பெற்ற நகரம், படத்தில் பார்த்த நகரம் என்று தெரிவு செய்கிறார்கள். இங்கிலாந்தில் வெளிநாட்டாருக்கு மருத்துவ இடங்களில் ஏறக்குறைய 7.5 சதவீதம்தான். ஒரு பீடத்தில் அது இருபது முப்பது இடமாகத்தான் இருக்கும். சில பீடங்கள் வெளிநாட்டாரை எடுப்பதே இல்லை.

ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். வெளிநாட்டாரை எடுக்கிறதா, இலங்கை உயர்தரத்தை ஏற்கிறதா, மீள எழுதிய பெறுபேறு சரியா, முன்பு விண்ணப்பித்தவரை மீண்டும் ஏற்கிறதா, யூகேட்டை வெட்டுப்புள்ளியாகப் பார்க்கிறதா அல்லது வரிசைப்படுத்தப் பார்க்கிறதா, சூழ்நிலைத் தீர்ப்பில் 4-ஆம் தரத்தை ஒதுக்கிவிடுகிறதா. முதல் நான்கில் ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் அந்த வரியை வெட்டிவிடுங்கள். மிஞ்சியதில் போன வருட வெளிநாட்டு வெட்டுப்புள்ளிக்கு மேல் நீங்கள் நிற்கும் பீடங்களை எடுங்கள். ஆசைக்கு ஒன்று போடலாம், நான்கையும் ஆசைக்குக் கொடுக்காதீர்கள்.

போன தடவை மறுத்த பீடத்துக்கே மீண்டும் போடலாமா? யூகேட்டில் மறுத்திருந்து இப்போது புள்ளி ஏறியிருந்தால் தாராளமாகப் போடுங்கள். நேர்முகத்தில் மறுத்திருந்தால் நான் யோசிப்பேன்.

7. இடைப்பட்ட வருடத்தில் என்ன செய்தீர்கள்?

இந்தக் கேள்வி எழுத்திலும் வரும், நேர்முகத்திலும் வரும். "ரியூசன் போனேன்" என்பது பதிலாகாது. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்தியருக்குப் பின்னால் நின்று பார்த்ததைவிட, ஆறு மாதம் கிழமைக்கு ஒரு நாள் முதியோர் இல்லத்தில் சோறு ஊட்டியதற்கு அங்கே மதிப்பு அதிகம். நோயாளியோடு நேரே பழகி, அலுப்பையும் கண்டு, அதன் பிறகும் இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறாரா என்றுதான் பார்க்கிறார்கள்.

மாவட்ட பொது வைத்தியசாலையில் பார்வையிட விரும்பினால் பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். தெரிந்த தாதி அக்கா மூலம் பின்கதவால் போகாதீர்கள், பிறகு கடிதம் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அன்றன்று ஐந்து வரி எழுதி வையுங்கள், நோயாளியின் பெயர் இல்லாமல். நான் எழுதவில்லை. டிசம்பரில் நேர்முகத்துக்கு உதாரணம் தேடியபோது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

8. மூன்று கேள்விகளுக்கு எழுதுதல்

யூகாஸ் விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி நீங்களே எழுதும் பகுதி இது. 2026 அனுமதியிலிருந்து ஒரே நீண்ட கட்டுரை இல்லை, மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பு ஏன், உங்கள் கல்வி இதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள். மொத்தம் 4000 எழுத்துக்குறிகள், இடைவெளியும் சேர்த்து. ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. ஆகவே பழைய கட்டுரையை மூன்றாக வெட்டி ஒட்டாதீர்கள், ஒரே விசயம் இரண்டு இடத்தில் வந்து நிற்கும்.

சிறு வயதில் பாட்டி நோயில் கிடந்த கதையை வைக்க வேண்டாம், அநேகமாக எல்லோரிடமும் அந்தப் பாட்டி இருக்கிறார். ஒரு சம்பவம், அதில் நீங்கள் கவனித்தது, அதனால் பிறகு மாற்றிக்கொண்டது, இவ்வளவு போதும். யூகாஸ் எல்லா எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வைத்திருக்கிறது. காசுக்கு எழுதிக் கொடுப்பவர் அதையே நான்கு பேருக்குக் கொடுத்திருப்பார்.

9. பரிந்துரை

பாடம் கற்பித்த ஆசிரியரோ அதிபரோ எழுத வேண்டும். சொந்தக்காரர் ஆகாது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியவர் தனியாக விண்ணப்பிக்கும்போது ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்புப் போகும். அவர் அதில் எழுதி முடிக்காமல் உங்கள் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது. கணினி பழக்கமில்லாத சேர் என்றால் பக்கத்தில் நின்று உதவுங்கள், எழுத்து மட்டும் அவருடையதாக இருக்கட்டும். பள்ளிக்கூடத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையே கொடுங்கள்.

பரிந்துரையில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பகுதியும், மாணவரைப் பாதித்த விசேட சூழ்நிலைக்கு ஒரு பகுதியும் உண்டு. பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாமல் ஒரு வருடம் போனதென்றால், வெள்ளத்தில் பள்ளிக்கூடம் மூடியிருந்ததென்றால், அதற்கான இடம் இதுதான். உங்கள் எழுத்தில் சொன்னால் சாட்டுப் போலத் தெரியும், அதிபர் சொன்னால் தகவல்.

10. அனுப்புதல்

பழைய விண்ணப்பத்தை மீண்டும் அனுப்ப முடியாது. புதிய அனுமதி ஆண்டுக்குப் புதிதாக நிரப்ப வேண்டும். முந்திய தடவை எழுதிய பரீட்சைகளையும் குறைந்த பெறுபேறுகளையும் மறைக்காமல் போடுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் கொடுத்த இடத்தையும் பறிப்பார்கள்.

கட்டணம் ஏறக்குறைய 30 பவுண்தான், ஆனால் நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு பூட்டியிருக்கும். ஒரு கிழமை முன்னரே வங்கியில் சொல்லித் திறந்து வையுங்கள்.

ஏஜென்ட் ஊடாகப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல்: மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியின் நேர்முக அழைப்பு ஏஜென்டின் பெட்டிக்குப் போய், அவர் பார்ப்பதற்குள் திகதி கடந்துவிட்டது.

11. நேர்முகம்

டிசம்பரிலிருந்து மார்ச் வரை. பெரும்பாலும் எம்.எம்.ஐ. எனும் பல குறுநேர்முக முறை, ஐந்து முதல் பத்து நிமிட நிலையங்கள் பல. வெளிநாட்டாருக்கு இணையத்தில் வைக்கும் பீடங்கள் அதிகம். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம்; அங்கே காலை 9 என்றால் இங்கே பிற்பகல் 2.30. ஒக்டோபரில் பழகிய நாலரையை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு மணித்தியாலம் முன்கூட்டி உட்கார்ந்து களைத்துப் போனவர் ஒருவர் இருக்கிறார்.

அது நமக்கு வாடைக்காற்று மழைக்காலம். கரண்ட் போகும், இன்டர்நெட் அறும். மடிக்கணினி முழு சார்ஜில், வேறொரு நிறுவனத்தின் சிம்மில் போன் ஹொட்ஸ்பொட் தயாராக, பீடத்தின் அவசரத் தொலைபேசி எண் தாளில். தகரக் கூரைக்குக் கீழே மழைச் சத்தத்தில் உங்கள் குரல் கேட்காது. கொங்கிறீட் கூரையுள்ள வீட்டில் ஒரு அறை கேட்டு வையுங்கள்.

பயிற்சியைக் கண்ணாடிக்கு முன்னால் செய்யாதீர்கள், ஆளுக்கு முன்னால் செய்யுங்கள். நம் பிள்ளைகள் மனப்பாடத்தில் கெட்டி, அதுதான் இங்கே காலை வாருகிறது. ஒரு நிலையத்தில் அழுதுகொண்டிருக்கும் நோயாளியாக நடிகர் ஒருவர் இருப்பார். மனப்பாடப் பதிலைத் தொடங்கினால் அவர் இன்னும் அழுவார். முதலில் சும்மா இருந்து கேளுங்கள். "போன தடவை ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்டால் முதலாம் படியில் கண்டுபிடித்ததை இரண்டு வரியில் நேராகச் சொல்லி, அதற்கு என்ன செய்தீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள்.

12. இடம் கிடைத்தால்

பீடம் பொலிஸ் அறிக்கையும் தடுப்பூசி விவரமும் கேட்கும். ஹெபடைடிஸ் பி ஊசி பல மாத இடைவெளியில் போடுவது, ஆகவே அழைப்பு வந்த கையோடு தொடங்குங்கள். விசாவுக்குக் காட்டும் காசு வங்கியில் தொடர்ந்து 28 நாள் அசையாமல் நிற்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

காசநோய்ப் பரிசோதனையைக் கொழும்பில் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில்தான் செய்ய வேண்டும், ஊரிலுள்ள எக்ஸ்ரே செல்லாது. அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் ஆறு மாதம். சந்தோசத்தில் பெப்ரவரியிலேயே போய் எடுத்துவிட்டு, விசாவுக்குப் போடும் ஓகஸ்டில் மறுபடி காசு கட்டி எடுத்தவர் நான்தான். ஜூன் மாதம் எடுத்தால் போதும்.